கிளினிக்கில் கம்ப்யூட்டர்: டோக்கன் மேசையிலிருந்து தொடங்கும் வேலை

வேலூர் வட்டாரத்தில் பல கிளினிக்குகளில் இப்போது டோக்கன் போடும்போதே ஒரு புதுக் கேள்வி வருகிறது: "ஆபா நம்பர் இருக்கா?" அரசுத் திட்டத்தில் தரும் இந்தச் சுகாதாரக் கணக்கு எண் இல்லையென்றால் வைத்தியம் கிடைக்காதோ என்று நோயாளிக்குப் பயம். கம்ப்யூட்டருக்கு மாறலாமா வேண்டாமா என்று யோசிக்கும் டாக்டருக்கோ வேறு கவலை. மென்பொருள் விற்க வருபவர் லேப்டாப்பைத் திறந்து காட்டும்போது எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு எண்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அது அப்படியே ஓடுமா?

பெரிய மருத்துவமனைகளுக்கு இதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், டோக்கன் கொடுக்க ஒரு பெண் என்று ஓடும் கிளினிக்குக்கு அது கிடையாது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட கிளினிக்கை மனதில் வைத்து எழுதப்பட்டது. குடியாத்தத்தில் ஒரு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். பீடி சுற்றுபவர்கள், தறி ஓட்டுபவர்கள், சுற்று ஊர்க்காரர்கள் வருகிறார்கள். பாதிப் பேருக்குச் சுகர், பிரஷர்.

பெயர்க் குழப்பம் முதலில் தீரட்டும்

மூன்று சொற்களை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

1. இ.எம்.ஆர்.: ஒரு கிளினிக் தன் உபயோகத்துக்காகக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளும் நோயாளிக் குறிப்பு. பழைய நோட்டுப் புத்தகத்தின் மின்வடிவம் என்று சொல்லலாம். அந்த நான்கு சுவருக்குள்ளேயே இருக்கும்.

2. இ.எச்.ஆர்.: பல இடங்களில் உருவாகும் குறிப்புகளை ஒரே ஆளுடையது என்று இணைத்துப் பார்க்க வழி செய்வது. குடியாத்தத்தில் எழுதியதைக் காட்பாடியில் இருக்கும் டாக்டர் படிக்க முடிந்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

3. ஆபா: ஒருவருக்குத் தரப்படும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண். இதற்குள் நோய் விவரம் எதுவும் கிடையாது. 'இந்தக் குறிப்பு இன்னாருடையது' என்று கட்டிவைக்கும் கயிறு, அவ்வளவுதான்.

விற்பவர்கள் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதன் பெயரைச் சொல்வது சகஜம். அதனால்தான் இந்தப் பிரிவினை முக்கியம்.

ஆபா எண் கொடுத்தால் என்ன நடக்கிறது

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற மத்திய அரசுத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, முதலில் யூனியன் பிரதேசங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. இதில் நோயாளிக்கு ஆபா எண், டாக்டருக்கு ஒரு பதிவேடு, கிளினிக்குக்கு ஒரு பதிவேடு என்று மூன்று இருக்கின்றன. நடைமுறை இப்படிப் போகிறது:

1. நோயாளி எண்ணைச் சொல்கிறார், அல்லது கவுன்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைத் தன் போனில் ஸ்கேன் செய்கிறார். பெயர், வயது, முகவரி எல்லாம் தானாக வந்து விழும். டைப் அடிக்க வேண்டாம்.

2. டாக்டர் எழுதும் குறிப்பு அந்தக் கிளினிக்கின் மென்பொருளிலேயே தங்குகிறது. டெல்லியில் ஏதோ பெரிய பெட்டிக்குள் எல்லோருடைய நோயும் போய்ச் சேர்கிறது என்பது தவறான எண்ணம். இன்ன இடத்தில் இன்னாருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது என்ற இணைப்பு மட்டும்தான் வெளியே தெரியும்.

3. வேறொரு டாக்டர் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கோரிக்கை அனுப்புவார். அது நோயாளியின் போனுக்கு வரும். எந்தக் குறிப்பு, எந்தக் காலத்தது, எத்தனை நாள் வரை பார்க்கலாம் என்பதை அவர் தேர்ந்தெடுக்கலாம், மறுக்கலாம், கொடுத்த அனுமதியைப் பிறகு திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம்.

4. சம்மதம் கிடைத்த பிறகே குறிப்பு ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொன்றுக்கு, பூட்டிய வடிவத்தில் போகும்.

ஆபா கட்டாயம் இல்லை. எண் இல்லாதவரைத் திருப்பி அனுப்ப எந்தக் கிளினிக்குக்கும் உரிமை கிடையாது. டோக்கன் மேசையில் இருப்பவருக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடைமுறைச் சிக்கல் வேறு: புதிதாக எண் எடுக்க ஆதார் வழியாகப் போனால், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி போகும். அந்த மொபைல் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கையில் இருக்கும். அம்மா கவுன்டரில் நிற்பார்.

'எஸ். லட்சுமி' எத்தனை பேர்?

கம்ப்யூட்டர்மயம் என்றாலே எல்லோரும் டாக்டரின் மேசையைத்தான் நினைக்கிறார்கள். என் கணிப்பில் பாதி வெற்றியும் முக்கால்வாசித் தோல்வியும் முடிவாவது வெளியே டோக்கன் மேசையில். 'போன முறை வந்தவரும் இப்போது நிற்பவரும் ஒரே ஆள்தானா?' என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் தீர்மானமாகிறது.

வெளிநாட்டுப் பாணியில் செய்த மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்கு இருப்பது இன்ஷியல். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்து, பிறகு கணவர் பெயரின் எழுத்து. ஆதாரில் இன்னும் பழையது. அதுபோக ஆங்கில எழுத்துக்கூட்டல். லட்சுமியை எக்ஸ் போட்டும் எழுதலாம், கே-எஸ்-எச் போட்டும் எழுதலாம். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வந்தால் முகமதுவுக்கு ஒரு எம்மா இரண்டு எம்மா, கடைசியில் ஈ-யா ஏ-யா என்பதிலேயே நாலைந்து வடிவம் வந்துவிடும். கூட்டம் நெருக்கும்போது டோக்கன் போடுபவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். 'புதிய நோயாளி' பட்டனைத் தட்டிவிடுவார். ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு.

இதனால் என்ன கெட்டுவிடும்? பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று முதல் கணக்கில் சிவப்பில் எழுதியிருக்கும். இன்று திறந்திருப்பது மூன்றாவது கணக்கு. அதில் ஒன்றும் இருக்காது. காகித நோட்டாக இருந்தபோது அட்டையிலேயே எழுதி நோயாளி கையில் கொடுத்திருந்தார்கள். இப்போதோ திரை சுத்தமாக இருப்பதைப் பார்த்து டாக்டர் நம்பிவிடுவார். கம்ப்யூட்டர் கொண்டுவரும் புது ஆபத்து இந்த நம்பிக்கைதான்.

அதனால் மென்பொருள் வாங்கும் முன்பே டோக்கன் மேசைக்குச் சில விதிகள் வேண்டும்:

1. பெயரை வைத்துத் தேடக் கூடாது. போன் நம்பரும் பிறந்த வருடமும் வைத்துத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் மட்டுமே புதுக் கணக்கு.

2. ஒரு வீட்டுக்கு ஒரே போன்தான் இருக்கும். அதனால் ஒரு நம்பரின் கீழ் ஐந்தாறு பேரைப் பதிய மென்பொருள் இடம் கொடுக்க வேண்டும். சிலவற்றில் முடியாது, அப்போது ஊழியர்கள் இல்லாத நம்பரைக் கற்பனையாகப் போட ஆரம்பிப்பார்கள். அத்தோடு தேடல் முறை பாழ்.

3. வயதை எழுதாமல் பிறந்த வருடத்தை எழுத வேண்டும். 2019இல் 'வயது 50' என்று போட்டது இன்றும் ஐம்பதாகவே நிற்கும். "ஐம்பத்தஞ்சு இருக்கும்" என்று சொல்பவருக்குக் கணக்குப் போட்டு வருடத்தை எழுதி, உத்தேசம் என்று குறித்துவிடலாம்.

4. ஒவ்வொருவருக்கும் கிளினிக்கின் சொந்த எண் ஒன்று. அதை அவர் கையில் இருக்கும் நோட்டின் மேல் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள் ஹாஸ்பிடல் நம்பரை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவரலாம்.

5. இரட்டைக் கணக்கு தெரியவந்தால் ஒன்றை அழிக்கக் கூடாது. இணைக்க வேண்டும், அதையும் டாக்டர் பார்த்த பிறகே.

முகவரியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கும் போயின. பழைய குறிப்புகளில் இவையெல்லாம் வேலூர் என்றே இருக்கும். மென்பொருளின் மாவட்டப் பட்டியல் அதற்கும் முந்தையதாக இருந்தால் புது மாவட்டங்களே இருக்காது. வாங்கும்போது அரை நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய விஷயம் இது.

ஒரு நிமிடத்தின் விலை

மாலை ஆறு முதல் ஒன்பது வரை 180 நிமிடம். எண்பது பேர் வந்தால் ஆளுக்கு இரண்டே கால் நிமிடம். புது முறையில் ஆளுக்கு ஒரு நிமிடம் கூடினால், கிளினிக் மூட 80 நிமிடம் தாமதமாகும். பத்தரைக்கு மேல் அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் பஸ் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் மற்றும் மேசை வேலைக்குப் போகிறது என்று தெரிந்தது. அங்கே காப்பீட்டுக்கும் பில்லுக்கும் எழுதுவது அதிகம். அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

ஆகவே வாங்கும் முன் ஒரு வாரம், ஒரு சாதாரண நோட்டில் சீட்டின் பயணத்தை எழுதிப் பாருங்கள். டோக்கன் யார் கொடுக்கிறார், எடையும் பிரஷரும் யார் எங்கே எழுதுகிறார், லேப் ரிப்போர்ட் யார் கைக்கு முதலில் வருகிறது, ஊசி போட்டதை எங்கே குறிக்கிறார்கள், பணம் எப்போது வாங்குகிறார்கள். டாக்டர் தவிர மற்றவர்கள் செய்யக்கூடிய டைப்பிங்கை அவர்களிடம் ஒதுக்கிவிட்டால், டாக்டரின் திரையில் மிஞ்சுவது மூன்றுதான்: என்ன பிரச்சினை, என்ன தீர்மானம், என்ன மருந்து. கம்பவுண்டரைக் கேட்காமல் இந்த வேலையைத் திட்டமிடுவது வீண். சீட்டு எங்கே தொலைகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

பழைய நோட்டுகளை என்ன செய்வது

இருபது வருட நோட்டையும் உட்கார்ந்து ஏற்றலாம் என்று ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். ஒரு நோயாளி அடுத்த முறை வரும்போது, அவருடைய நான்கு விஷயங்களை மட்டும் ஏற்றினால் போதும்: ஒத்துக்கொள்ளாத மருந்து, நாள்பட்ட நோய்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், நடந்த ஆபரேஷன்கள். சுகர், பிரஷர்காரர்கள் மாதா மாதம் வருவார்கள் என்பதால் மூன்று மாதத்தில் முக்கியமானவர்கள் அனைவரும் உள்ளே வந்துவிடுவார்கள். சளி, காய்ச்சலுக்கு வருடத்துக்கு ஒருமுறை வருபவரின் பழைய பக்கங்கள் நோட்டிலேயே கிடக்கட்டும்.

அப்புறம், போட்டோ வேறு, தகவல் வேறு. லேப் ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து ஏற்றினால் அது கம்ப்யூட்டருக்கு வெறும் படம். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்) மதிப்பை எண்ணாக அதற்குரிய கட்டத்தில் டைப் செய்தால்தான், இரண்டு வருடத்தில் ஏறியதா இறங்கியதா என்று கோடு போட்டுக் காட்டும். எல்லாவற்றையும் டைப் செய்ய முடியாது. சுகர், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பிரஷர், எடை என்று ஐந்தாறு எண்களைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை படமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

எண் என்றதும் வேலூருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. சி.எம்.சி.க்காக வந்து காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கும் வங்கதேசத்து நோயாளிகள் அக்கம்பக்கத்து கிளினிக்குகளுக்கும் வருவார்கள். அவர்கள் ஊர் ரிப்போர்ட்டில் சுகர் 9.2 என்று இருக்கும். அது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் நம் கணக்கில் ஏறத்தாழ 166 மில்லிகிராம். அலகைக் கேட்காமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும் மென்பொருள், ஆள் மயங்கி விழவேண்டிய அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாக நினைத்து அலறும். அல்லது அலறாமல் சேமித்துக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

நோயின் பெயருக்கும் இதே கதைதான். ஒரு டாக்டர் 'சுகர்' என்பார், இன்னொருவர் 'டி.எம்.' என்பார், மூன்றாமவர் முழுப் பெயரை எழுதுவார். மூன்றும் ஒன்று என்று இயந்திரத்துக்குத் தெரிய ஒரு பொதுக் குறியீடு வேண்டும். இந்தியாவின் மின்-சுகாதாரப் பதிவுத் தரநிலைகள் 2013இல் வந்தன, 2016இல் திருத்தப்பட்டன. நோய்ச் சொற்களுக்கு ஸ்னோமெட் சி.டி., நோய் வகைப்பாட்டுக்கு ஐ.சி.டி. 10, பரிசோதனைகளுக்கு லாயின்க், ஸ்கேன் படங்களுக்கு டைகாம் என்பவை அவற்றில் உள்ளவை. டாக்டர் இவற்றைப் படித்துத் தேர வேண்டியதில்லை. 'சுகர்' என்று தட்டினால் பின்னணியில் சரியான குறியீடு போய் உட்கார வேண்டும். உட்காருகிறதா என்று விற்பவரிடம் கேட்டால் போதும்.

மூன்று எழுத்து ஆபத்து

மருந்துப் பட்டியலில் எம்-ஈ-டி என்று மூன்று எழுத்து தட்டிப் பாருங்கள். மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல், மெட்டோப்ரோலால், மெத்தோட்ரெக்சேட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். முதலாவது சுகருக்கு, இரண்டாவது கிருமிக்கு, மூன்றாவது பிரஷருக்கு. நாலாவதை மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் கொடுப்பார்கள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மவுஸ் ஒரு வரி தள்ளி விழுந்தால் அச்சில் அழகாகத் தப்பான மருந்து வரும். டாக்டரின் கிறுக்கல் எழுத்தென்றால் மருந்துக் கடைக்காரர் சந்தேகப்பட்டுப் போன் செய்வார். அச்சடித்த சீட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

தீர்வு கஷ்டமில்லை. அந்தக் கிளினிக்கில் வழக்கமாக எழுதும் நூறு, நூற்றைம்பது மருந்துகளை மட்டும் வைத்துச் சொந்தப் பட்டியல் தயாரிக்க வேண்டும். டோஸ் முறையையும் அதோடு சேர்த்துவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டுக்கு 1-0-1 (தினமும் காலை ஒன்று, இரவு ஒன்று) என்று போடவே முடியாதபடி பூட்ட வேண்டும். 'அரை மாத்திரை', 'சாப்பாட்டுக்கு முன்', 'வெறும் வயிற்றில்' ஆகியவை சீட்டில் தமிழில் அச்சாக வேண்டும். தமிழ் எழுத்து பிரின்டரில் கட்டம் கட்டமாக வருகிறதா என்பதை வாங்கும் நாளிலேயே அச்சடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. நாளைக்கு உங்களை விட்டுப் போனால் என் நோயாளிகளின் குறிப்புகள் எந்த வடிவத்தில் கையில் கிடைக்கும்? வெறும் பிடிஎஃப் என்றால் வேறு மென்பொருளில் ஏற்ற முடியாது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஃபயர் என்ற தரவு வடிவத்தைப் பயன்படுத்துகிறது, அதில் தருவார்களா? ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா? என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லையென்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

2. ஆபா இணைப்பு எந்தக் கட்டம் வரை முடிந்திருக்கிறது? முதல் கட்டத்தில் ஆபா எண்ணை உருவாக்கவும் சரிபார்க்கவும் மட்டும் முடியும். இரண்டாவதில் கிளினிக்கின் குறிப்பைப் பகிரலாம். மூன்றாவதில்தான் மற்ற இடத்துக் குறிப்பைச் சம்மதத்தோடு வாங்கிப் பார்க்கலாம்.

3. இன்டர்நெட் இல்லாதபோது ஓடுமா?

4. வருடச் சந்தா எவ்வளவு, பிரின்டர் மக்கர் செய்தால் யார் போனை எடுப்பார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு எடுப்பார்களா?

கரண்ட் போனால், கள்ளன் வந்தால்

வேலூர் வெயிலில் கரண்ட் போவதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யு.பி.எஸ். கம்ப்யூட்டருக்கு மட்டும் போதாது. இன்டர்நெட் மோடமும் அதில் மாட்டியிருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மேசை டிராயரில் ஒரு கட்டு அச்சடித்த காகித சீட்டு எப்போதும் இருக்கட்டும். அதில் எழுதியதை மறுநாள் காலை யார் ஏற்றுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் சைபர் தாக்குதலால் சர்வர்கள் முடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் வேலைகள் காகிதத்தில் ஓடின. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை. சின்னக் கிளினிக் செய்யக்கூடியது: தினமும் ஒரு பிரதி, அதுவும் அந்தக் கம்ப்யூட்டரோடு எப்போதும் மாட்டியிருக்காத டிஸ்க்கில், இன்னொன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு நோயாளியின் குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

ரகசியம் கசிவது பெரும்பாலும் உள்ளேயிருந்துதான். ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் போட்டுத் திறப்பார்கள்; திரையைத் திருப்பி வைத்திருப்பார்கள்; ரிப்போர்ட்டை ரிசப்ஷன் பெண்ணின் சொந்தப் போனுக்கு வாட்ஸ்அப்பில் வாங்குவார்கள். குடியாத்தம் மாதிரி ஊரில் டோக்கன் எடுக்க வருபவருக்கும் கொடுப்பவருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு இருக்கும். ஆளுக்கொரு லாகின், யார் எதைத் திறந்தார் என்ற பதிவு, எச்.ஐ.வி., மனநலக் குறிப்புகளுக்குத் தனிப் பூட்டு என்பவை குறைந்தபட்சம். எச்.ஐ.வி. விவரத்தைக் காப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படியே கடமை.

பொதுவான தகவல் பாதுகாப்புக்கு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும்.

பழைய கடமைகளும் போய்விடவில்லை. 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அச்சுச் சீட்டிலும் டாக்டரின் பதிவு எண் இருந்தாக வேண்டும்.

எந்த நாளில் ஆரம்பிப்பது

திங்கட்கிழமை வேண்டாம், அன்றுதான் கூட்டம். கூட்டம் குறைந்த ஒரு நாளில், முதல் பத்து டோக்கன் மட்டும் கம்ப்யூட்டரில், மற்றவை காகிதத்தில். மறுவாரம் சுகர், பிரஷர்காரர்கள் எல்லோரும். மூன்றாவது வாரம் முழுக் கிளினிக். அந்த மூன்று வாரமும் டோக்கன் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். வருமானம் குறையுமே என்று இதைச் செய்யாதவர்கள்தான் இரண்டாவது வாரத்திலேயே நோட்டுக்குத் திரும்புகிறார்கள்.

காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் இரண்டு முறை எழுதும் காலத்துக்கு ஒரு கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது அவசியம். தேதி இல்லாவிட்டால் பாதி விவரம் அதிலும் பாதி இதிலுமாகக் கிடக்கும். இரண்டையும் புரட்டுவது கம்பவுண்டர் தலையில் விழும். நோயாளியின் கையில் இருக்கும் நோட்டை மட்டும் பிடுங்க வேண்டாம். அச்சுச் சீட்டை அதிலேயே ஒட்டிக் கொடுங்கள். ஆபாவில் இணைந்திராத டாக்டரிடம் அவர் நாளைக்குப் போனால், கையில் காட்ட அதுதான் இருக்கும்.